ரோட்டவேட்டர் கழற்ற வரவில்லையா, போல்ட் உடைகிறதா, ஆட்டம் போடுகிறதா: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

"கியர் பாக்ஸ் போச்சுணா" என்று சொல்லிக்கொண்டு வரும் ரோட்டவேட்டர்களில் (சுழலும் பிளேடுகளால் மண்ணைத் தூளாக்கும் கருவி) பெரும்பாலானவற்றுக்குக் கியர் பாக்ஸில் ஒரு குறையும் இருக்காது. கோளாறு டிராக்டருக்கும் ரோட்டவேட்டருக்கும் நடுவில் இருக்கும். ஜாயின்ட் ஷாஃப்ட் (டிராக்டரின் சுழற்சியை ரோட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் தண்டு), பின், டாப் லிங்க் (மேல் இணைப்புக் கை), மாட்டிய விதம், கழற்றிய விதம் என்று அங்கேதான் தேட வேண்டும். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் ஷாஃப்டைப் பார்த்த பிறகுதான் கியர் பாக்ஸ் பக்கம் ஸ்பேனரைக் கொண்டுபோவேன்.

வேலூர் மாவட்டத்தில் காட்பாடி, கே.வி.குப்பம், குடியாத்தம் பக்கம் ஒரே டிராக்டர்தான் எல்லா வேலையும் செய்கிறது. காலையில் ரோட்டவேட்டர், மதியம் டிரெய்லர், மறுநாள் ஒன்பது கொத்துக் கலப்பை. மாட்டுவதும் கழற்றுவதும் ஓயாது. மண்ணும் ஒரே மாதிரி இல்லை. பாலாற்றங்கரைத் தென்னந்தோப்பு மணல் பிளேடைத் தின்னும். அணைக்கட்டு, ஒடுகத்தூர் ஊர்ப்பக்கத்து மலையடிவாரச் சரளை போல்டை உடைக்கும். ஏரிப் பாசன நஞ்சைச் சேறு ஆயில் சீலைக் கெடுக்கும். எந்த நிலத்தில் ஓடிய வண்டி என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கீழே இருப்பது 35 முதல் 50 குதிரைத்திறன் டிராக்டரில் ஓடும் 5 அடி, 6 அடி ரோட்டவேட்டருக்கு. மினி டிராக்டருக்கும் இதே வழிதான், மாறும் இடங்களில் மட்டும் சொல்கிறேன்.

## எதைத் தொடும் முன்பும்

பி.டி.ஓ.வை (டிராக்டரின் பின்னால் சுழன்று கருவியை ஓட்டும் முனை) விடுவி, இன்ஜினை நிறுத்து, சாவியைச் சட்டைப் பையில் போடு. சாவி வண்டியிலேயே இருந்தால் யாராவது "கொஞ்சம் தள்ளி நிறுத்துறேன்" என்று ஏறி உட்காருவார்கள். லுங்கி, தோளில் துண்டு, தளர்ந்த சட்டைக் கை, மூன்றும் ஷாஃப்ட் பக்கத்தில் ஆகாது. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் ஷாஃப்ட் துணியைப் பிடித்தால் கத்துவதற்குக்கூட நேரம் இருக்காது. ஷாஃப்டின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் கவரைக் கழற்றி வீசிவிட்டு ஓட்டுகிறவர்கள் நம் பக்கம் அதிகம். கிரீஸ் அடிக்க வசதி என்பார்கள். கவர் உடைந்திருந்தால் புதுசு வாங்கிப் போடுங்கள்.

தூக்கி நிறுத்திய ரோட்டவேட்டருக்கு அடியில் ஹைட்ராலிக்கை நம்பிப் படுக்கக் கூடாது. இரண்டு பக்கமும் கனமான மரக்கட்டை முட்டுக் கொடுத்து, அதன் மேல் இறக்கிய பிறகுதான் பிளேடில் கை வைக்க வேண்டும். ஹாலோ பிளாக் வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும்.

## அறிகுறி 1: கழற்ற வரவில்லை

முதலில் வரிசை. ரோட்டவேட்டரைச் சமதளத்தில் தரையில் இறக்கி, ஸ்டாண்டையும் இறக்கிவிட்டு, ஷாஃப்டை முதலில் கழற்றுங்கள். அப்புறம் டாப் லிங்க், அப்புறம் வலது கீழ்க்கை (கருவியைத் தூக்கும் கீழ் இணைப்புக் கை), கடைசியில் இடது கீழ்க்கை. மாட்டும்போது இதற்குத் தலைகீழ்: இடது, வலது, டாப் லிங்க், ஷாஃப்ட். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி பெரும்பாலான டிராக்டர்களில் வலது கையில்தான் இருக்கிறது. இடதை முதலில் மாட்டிவிட்டால் வலதை அதற்கேற்பத் திருகிக்கொள்ளலாம். மாற்றிச் செய்தால் சுத்தியலைத்தான் எடுக்க வேண்டி வரும்.

பின் அசையவில்லை என்றால் அது துருப்பிடித்ததாக இருப்பது குறைவு, சுமை ஏறியதாக இருப்பதுதான் அதிகம். கீழ்க்கைப் பின் இறுகி நின்றால் ஹைட்ராலிக் லிவரை மயிரிழை மேலே, மயிரிழை கீழே நகர்த்திப் பாருங்கள். ஏதோ ஒரு இடத்தில் பின் விரலால் சுழலும், அங்கே இழுத்துவிடலாம். ஒரு பக்கம் வந்து மறுபக்கம் வராவிட்டால் தரை சாய்வு என்று பொருள். வலது கைப்பிடியைத் திருகியோ, அந்தப் பக்கச் சட்டத்தின் கீழ் ஜாக்கி வைத்தோ சமப்படுத்துங்கள். டாப் லிங்க் பின்னுக்கு வழி வேறு. நடுக்குழாயைத் திருகுங்கள். ஒரு பக்கம் திருகினால் இறுகும், எதிர்ப்பக்கம் திருகினால் தளரும். தளர்ந்து ஆடும் இடத்தில் பின் தானாக வரும்.

இவ்வளவுக்கும் வரவில்லை என்றால்தான் துரு. டீசலோ துரு நீக்கும் எண்ணெயோ ஊற்றி அரை மணி நேரம் விட்டுவிட்டு, பித்தளைக் கட்டையோ மரக்கட்டையோ வைத்துத் தட்டுங்கள். பின்னின் தலை மேலேயே இரும்புச் சுத்தியலால் அடித்தால் தலை விரிந்துவிடும், பிறகு அது எந்த ஓட்டையிலும் நுழையாது.

ஷாஃப்ட் யோக் (ஷாஃப்ட் முனையில் இருக்கும் கவட்டை) பி.டி.ஓ.விலிருந்து வரவில்லை என்றால் மூன்று காரணம் உண்டு. பெரும்பாலும் லாக் பின் மண்ணும் பழைய கிரீஸும் சேர்ந்து உள்ளே ஒட்டியிருக்கும். டீசல் விட்டுப் பிரஷால் தேய்த்து, பின் முழுதாக உள்ளே போய் வெளியே துள்ளி வருகிறதா என்று பாருங்கள்.

பின் சரியாக வேலை செய்தும் யோக் வரவில்லை என்றால் ஷாஃப்டில் முறுக்கு நிற்கிறது. மண்ணில் பிளேடு பதிந்த நிலையில் வண்டியை நிறுத்தினால் இப்படி ஆகும். பி.டி.ஓ. லிவர் நியூட்ரலில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, ஷாஃப்டை இரண்டு கையாலும் முன்னும் பின்னும் அசையுங்கள். முறுக்கு விட்டால் யோக் நழுவும்.

இரண்டும் இல்லை என்றால் பல் நுனி பிசிறடித்திருக்கிறது. பி.டி.ஓ. முனையைத் துடைத்துவிட்டு நகத்தை ஓட்டிப் பாருங்கள், பிசிறு இருந்தால் நகம் மாட்டும். நைசு அரத்தால் அந்தப் பிசிறை மட்டும் எடுக்க வேண்டும். யோக்கைச் சுத்தியலால் அடித்து இறக்குவதும் ஏற்றுவதும் கூடாது. அந்த அடி டிராக்டருக்கு உள்ளே இருக்கும் பேரிங்கிலும் சீலிலும்தான் விழுகிறது. அடித்து மாட்டிய யோக்கை அடித்துத்தான் கழற்ற வேண்டியிருக்கும், கடைசியில் பல் தேய்ந்து டிராக்டரின் பி.டி.ஓ. ஷாஃப்டையே மாற்ற வேண்டி வரும். இந்தப் பக்கத்தில் வரும் செலவுகளில் அதுதான் மிகவும் அநியாயமானது.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய இடம்: பி.டி.ஓ. முனை கையால் மேலும் கீழும் ஆடினாலோ, பல் ஒருபக்கமாகக் கத்தி முனைபோலத் தேய்ந்திருந்தாலோ.

## அறிகுறி 2: இரவல் ரோட்டவேட்டர், மாட்டினால் பொருந்தவில்லை

அண்ணன் தம்பிக்குள் ஒரு ரோட்டவேட்டரை இரண்டு டிராக்டரில் ஓட்டுவது, பழைய வண்டியை விற்றுவிட்டுப் புதுசில் பழைய ரோட்டவேட்டரை மாட்டுவது, இதெல்லாம் சகஜம். பின் கனத்தில் முதல் சிக்கல் வரும். சின்ன வண்டிகளின் கீழ்க்கை உருண்டைக்கு 22 மில்லிமீட்டர் பின், பெரிய வண்டிகளுக்கு 28. பெரிய உருண்டையில் சின்னப் பின்னைப் போட்டால் நுழையும், ஆனால் லொடலொடவென்று ஆடும். அதற்கென்றே புஷ் விற்கிறார்கள், விலை பெரிதில்லை, போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஷாஃப்ட் நீளம். இதைப் பார்க்காமல்தான் நிறையக் காசு போகிறது. டிராக்டருக்கு டிராக்டர் பி.டி.ஓ. முனைக்கும் கீழ்க்கை முனைக்கும் உள்ள தூரம் மாறும். ஒன்றில் சரியாக இருந்த ஷாஃப்ட் இன்னொன்றில் நீளமாகவோ குட்டையாகவோ இருக்கும். மாட்டிவிட முடிகிறது என்பதாலேயே அளவு சரி என்று ஆகாது.

பார்க்கும் விதம்: ஷாஃப்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை டிராக்டரிலும் மறுபாதியை ரோட்டவேட்டரிலும் மாட்டுங்கள். மெதுவாக ஏற்றி இறக்கி, இரண்டு முனைகளும் மிக நெருங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து, ரோட்டவேட்டருக்கு முட்டுக் கொடுங்கள். இப்போது இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். உள் குழாயின் நுனி எதிர்ப்பக்க யோக்கை முட்டக் கூடாது, குறைந்தது ஒரு அங்குல இடைவெளி வேண்டும். பிறகு முனைகள் மிக விலகும் நிலையில் வைத்துப் பாருங்கள். அப்போதும் குழாய் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும்.

முட்டுகிறது என்றால் உள்குழாய், வெளிக்குழாய், இரண்டின் கவர் என்று நான்கையும் ஒரே அளவு அறுத்து, பிசிறை அரத்தால் எடுத்து, கிரீஸ் பூசி மாட்டுங்கள். ஒன்றை மட்டும் அறுத்தால் பயனில்லை. குட்டையாக இருக்கிறது என்றால் வெல்டிங் வைத்து நீட்டாதீர்கள். பற்ற வைத்த இடம் வேகத்தில் விட்டுப்போனால் குழாய்த் துண்டு பின்னால் நிற்பவர் மேல்தான் பாயும். சரியான நீளத்தில் வேறு ஷாஃப்ட் வாங்குவதுதான் வழி.

## அறிகுறி 3: ஷியர் போல்ட் அடிக்கடி உடைகிறது

ஷாஃப்ட் ரோட்டவேட்டரோடு சேரும் முனையில் இருக்கும் அந்தச் சின்ன போல்ட் உடைவதற்கென்றே இருப்பது. அது உடைந்தால் கியர் தப்பித்தது. ஆனால் நாளுக்கு நாலு உடைந்தால் எங்கோ காரணம் இருக்கிறது.

உடைந்த துண்டைத் தூக்கி எறியாமல் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். வெட்டுமுகம் வெண்ணெயை வெட்டியது போல வழுவழுவென்று நேராக இருந்தால் ஒரே அடியில் போனது: கல், வேர், அல்லது கிளட்சைப் படாரென்று விட்டது. போல்ட் வளைந்து, இடுப்பில் தேய்ந்து, பிறகு உடைந்திருந்தால் ஓட்டை பெரிதாகிவிட்டது.

நேராக வெட்டுப்பட்டிருந்தால் ஓட்டும் முறையைக் கவனியுங்கள். ரோட்டவேட்டர் தரையில் பதிந்திருக்கும்போது பி.டி.ஓ. போடக் கூடாது. தரையிலிருந்து சற்றே தூக்கி, இன்ஜினைக் குறைந்த வேகத்தில் வைத்துப் போட்டு, சுற்ற ஆரம்பித்த பிறகு வண்டியை நகர்த்திக்கொண்டே மெதுவாக இறக்க வேண்டும். நின்ற இடத்தில் இறக்குவதும் தவறு. சரளை நிலமாக இருந்தால் முதலில் கொத்துக் கலப்பை ஓட்டி, கல்லைப் பொறுக்கிய பிறகு ரோட்டவேட்டரை இறக்குங்கள். மாந்தோப்பில் மரத்தின் தூருக்கு அருகில் போனால் வேர் மாட்டும், அங்கே ஆழத்தைக் குறையுங்கள்.

வளைந்து தேய்ந்திருந்தால் யோக்கில் இருக்கும் ஓட்டையைப் பாருங்கள். முட்டை வடிவமாகியிருந்தால் லேத் பட்டறையில் கொடுத்து அடைத்து, திரும்பத் துளையிட்டு வாங்கலாம். புது யோக்கே கிடைத்தால் அதுதான் நல்லது.

இரண்டும் சரி, இன்னும் உடைகிறது என்றால் பி.டி.ஓ.வை நியூட்ரலில் வைத்து, தூக்கி முட்டுக்கொடுத்த ரோட்டரை (பிளேடுகள் பூட்டிய உருளை) கம்பி ஒன்றால் நெம்பிச் சுற்றுங்கள். கனமாக, ஆனால் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் பிடித்தால் ரோட்டர் வளைந்திருக்கலாம், பக்கத் தகட்டில் பிளேடு உரசலாம். முழுச் சுற்றிலும் பிடித்தால் ரோட்டர் பேரிங் இறுகிவிட்டது.

எது செய்தாலும் உடைகிறதே என்று உடையாத போல்டைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கடையில் "நல்ல ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் அதிக டென்சைல் போல்டைக் கொடுப்பார்கள். அதன் பிறகு கல் மாட்டினால் கியர் பாக்ஸின் கிரௌன் பல் போகும். வெல்டிங் ராடைத் துண்டாக்கிச் சொருகியதையும் பார்த்திருக்கிறேன். கம்பெனி புத்தகத்தில் எழுதியிருக்கும் கனம், தரம் இரண்டும் சரியாக உள்ள போல்டைப் பத்துப் பதினைந்து வாங்கி டூல் பாக்ஸில் போட்டுவையுங்கள்.

## அறிகுறி 4: ஆட்டம், அதிர்வு, சீட்டே நடுங்குகிறது

எளிதானதிலிருந்து போவோம்.

ஏதாவது சுற்றியிருக்கிறதா? காட்டுப் பன்றிக்குப் பயந்து நிலத்தைச் சுற்றிப் பழைய சேலை கட்டுவது நம் ஊர் வழக்கம். அது காற்றில் விழுந்து மண்ணோடு கிடக்கும். ரோட்டரில் ஒரு சேலை ஏறினால் கயிறாகத் திரிந்து பேரிங் ஓரம் போய் உட்காரும். சொட்டுநீர்க் குழாய், கரும்புச் சோகை, அறுவடை இயந்திரம் போட்டுவிட்டுப் போன ஈர வைக்கோல் எல்லாம் இப்படித்தான். அரிவாளால் அறுத்து, ஓரங்களில் குறடு விட்டு நூல் நூலாக எடுங்கள். ஓரத்தில் விட்டுப்போன நூல்தான் பின்னால் சீலை அறுக்கும்.

பிளேடு குறைகிறதா? ஒவ்வொரு தட்டிலும் இடது, வலது என்று பிளேடுகள் மாறி மாறி இருக்கும். ஒன்று உடைந்து விழுந்தாலே ஆட்டம் தெரியும். போல்ட் தளர்ந்த பிளேடைச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் கணீரென்று ஒலிக்காது, சொத்தையாகக் கேட்கும். மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றிக் குவிக்காதீர்கள். ஒன்றைக் கழற்று, அதே இடத்தில் அதே பக்கத்துப் பிளேடைப் போடு, அடுத்ததற்குப் போ. இல்லாவிட்டால் ரோட்டரில் பிளேடுகள் திருகிப் போகும் வரிசை குலைந்துவிடும். ஒரு பக்கம் முழுக்கப் புதுசு, மறுபக்கம் தேய்ந்தது என்று கலந்து போடுவதும் ஆட்டத்தைத்தான் கொடுக்கும். வெட்டும் விளிம்பு சுற்றும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். புது பிளேடு போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு நட்டுகளை இன்னொரு முறை இறுக்குங்கள்.

ஷாஃப்டைப் பிரித்து மாட்டினீர்களா? சதுரக் குழாய் ஷாஃப்டைத் தவறான பக்கமாகவும் சொருக முடியும். இரண்டு முனையிலும் இருக்கும் உள் யோக்குகள் ஒரே நேர்கோட்டில் படுத்திருக்க வேண்டும். ஒன்று நின்றும் ஒன்று படுத்தும் இருந்தால் ரோட்டர் ஒரு சுற்றிலேயே வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடும். நேற்றுவரை நன்றாக ஓடியது, கிரீஸ் போட்டதிலிருந்து ஆடுகிறது என்று யாராவது சொன்னால் இதுதான்.

கிராஸ் (இரண்டு யோக்குகளைச் சேர்க்கும் சிலுவைத் துண்டு) தேய்ந்திருக்கிறதா? ஒரு கையால் யோக்கையும் மறுகையால் குழாயையும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். கொஞ்சமும் ஆடக் கூடாது. கிராஸ் மூடியைச் சுற்றிக் குங்குமம்போலச் சிவப்புத் தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசிப் பேரிங் அரைபட்டுக்கொண்டிருக்கிறது. கிராஸ் செட் மாற்றுவது சின்னச் செலவு. நாளுக்கு ஒரு தடவை, எட்டு மணி நேர ஓட்டத்துக்குள், நிப்பிளில் கிரீஸ் அடித்தால் அந்தச் செலவும் வராது. அடிக்கும்போது நான்கு மூடி ஓரத்திலும் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு மூடியில் வரவில்லை என்றால் அந்தக் கை அடைத்திருக்கிறது.

நான்கும் சரியாக இருந்தால் ரோட்டரே வளைந்திருக்கலாம். இதை வயலில் சரிசெய்ய முடியாது. கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

## அறிகுறி 5: சத்தம்

தூக்கும்போது மட்டும் டக் டக்: ஷாஃப்டின் சாய்வு அதிகமாகிறது. வரப்பில் திரும்பும்போது சுற்றவிட்டுக்கொண்டே உச்சிவரை தூக்குவதால் வருவது. பிளேடு தரையை விட்டால் போதும், அதற்கு மேல் தூக்க வேண்டாம். லிவர் அதற்கு மேல் போகாதபடி நிறுத்துத் திருகை வைத்துக்கொள்ளுங்கள். வரப்பைத் தாண்ட உயரமாகத் தூக்கியே ஆக வேண்டும் என்றால் பி.டி.ஓ.வை விடுவித்துவிட்டுத் தூக்குங்கள்.

ஓடும்போது ஊ என்று ஊளை: கியர் பாக்ஸ் ஆயில் குறைந்திருக்கிறது. சமதளத்தில் நிறுத்தி, பக்கவாட்டு அளவுத் திருகைக் கழற்றினால் ஆயில் அந்த ஓட்டையின் விளிம்பில் நிற்க வேண்டும். பெரும்பாலான ரோட்டவேட்டர்களுக்கு 90 நம்பர் கியர் ஆயில். கையில் இருக்கிறதே என்று இன்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள். ஆயில் நிரப்பியும் ஊளை நிற்கவில்லை என்றால் அடித் திருகின் வழியாகக் கொஞ்சம் ஆயிலை வெள்ளைத் தட்டில் பிடித்து, காந்தத்தை விட்டுப் பாருங்கள். பசைபோல நைசான கருந்தூள் ஒட்டினால் வழக்கமான தேய்மானம். கைக்குத் தட்டுப்படும் சில்லு வந்தால் பல் உடைகிறது, அதோடு வண்டியை நிறுத்திவிடுங்கள்.

பக்கப் பெட்டியிலிருந்து (ரோட்டருக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஓரப் பெட்டி) கரகர: செயின் வகையாக இருந்தால் செயின் தளர்ந்திருக்கும், டென்ஷனர் போல்டை இறுக்கிப் பாருங்கள். கியர் வகையாக இருந்தால் முதலில் அந்தப் பெட்டியின் ஆயிலைப் பாருங்கள். அதற்குத் தனி ஆயில் என்பதே பலருக்கு நினைவிருப்பதில்லை.

நடுக் கியர் பாக்ஸை வீட்டில் திறக்க வேண்டாம் என்பது என் கருத்து. கிரௌன், பினியன் என்ற இரண்டு பற்சக்கரங்களும் சேரும் இடைவெளியைச் சிம் தகடு வைத்துக் கணக்காக அமைத்திருப்பார்கள். பிரித்து அப்படியே திரும்ப மாட்டினால் ஊளை இரட்டிப்பாகும். வாரண்டி உள்ள வண்டி, அதுவும் வேளாண் பொறியியல் துறை மானியத்தில் வாங்கியது என்றால் விற்ற டீலரிடம் கேட்காமல் சீலைத் தொடாதீர்கள்.

## அறிகுறி 6: ஆயில் ஒழுகுகிறது

எங்கிருந்து என்று தெரியாமல் சீல் மாற்றுவது வீண். டீசல் தோய்ந்த துணியால் முழுவதும் துடைத்து, காயவிட்டு, கால் மணி நேரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள்.

மேல் மூடிப் பக்கம் கசிந்தால் காற்றுத் துளை அடைத்திருக்கும். மேலே இருக்கும் சின்னத் துளைத் திருகு அது. சேறு காய்ந்து மூடிவிட்டால் உள்ளே சூடாகும் காற்று வெளியேற வழியின்றி ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். கழற்றி டீசலில் கழுவி ஊதினால் முடிந்தது. காசில்லாத வேலை. அளவுக்கு மேல் ஆயில் ஊற்றினாலும் இதே ஒழுகல்தான்.

முன்பக்கம், ஷாஃப்ட் சேரும் இடத்தில் என்றால் சீல் மாற்றலாம். ஆனால் மாற்றிய கொஞ்ச நாளில் திரும்ப ஒழுகினால் சீல் கடைக்காரரைத் திட்ட வேண்டாம். அறிகுறி 2-இல் சொன்ன ஷாஃப்ட் நீளத்தை அளந்து பாருங்கள். நீளமான ஷாஃப்ட் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் பினியன் பேரிங்கை உள்ளே குத்தும். பேரிங் ஆட ஆரம்பித்தால் எந்தச் சீலும் நிற்காது. அதே குத்து எதிர்ப்பக்கம் டிராக்டரிலும் விழுவதால் பி.டி.ஓ. சீலும் கசியும். இரண்டு முனையிலும் ஒரே சீசனில் ஒழுகல் என்றால் சந்தேகமே வேண்டாம்.

ரோட்டர் ஓரத்தில் என்றால் அங்கே நூலோ கம்பியோ சுற்றியிருக்கும். சேற்றுழவு முடித்த வண்டிக்கு இது அடிக்கடி வரும். ஒழுகும் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. முழு ஆயிலையும் வடித்து, சீல் மாற்றி, புது ஆயில் ஊற்றுங்கள். "இந்த நடவு முடியட்டும்" என்று தள்ளிப்போட்டால் பேரிங்கும் கூடவே போகும்.

## அறிகுறி 7: தூக்க மறுக்கிறது, இறங்க மறுக்கிறது

5 அடி ரோட்டவேட்டர் சும்மாவே 350 கிலோவை ஒட்டி இருக்கும், சேறு அப்பினால் இன்னும் ஏறும். மினி டிராக்டரில் 5 அடியை மாட்டிவிட்டுத் தூக்கவில்லை என்றால் அது பழுதில்லை, பொருத்தமில்லை.

பொருத்தமான வண்டியிலேயே தூக்கவில்லை என்றால் ஹைட்ராலிக் ஆயில் அளவு, அப்புறம் ஃபில்டர், இந்த வரிசையில் பாருங்கள். தூக்குகிறது ஆனால் இறங்கவில்லை என்றால் சீட்டுக்கு அடியில் இருக்கும் இறங்கு வேகத் திருகை யாரோ முழுதாக மூடியிருப்பார்கள். ஓடும்போது தானாக ஏறி இறங்கினால் டிராஃப்ட் லிவரை (இழுவைச் சுமைக்கு ஏற்பத் தூக்கி இறக்கும் லிவர்) பாருங்கள். கலப்பைக்காக வைத்தது அப்படியே இருக்கும். ரோட்டவேட்டருக்கு உயரத்தை ஒரே நிலையில் வைக்கும் பொசிஷன் லிவர்தான் வேலை செய்ய வேண்டும், டிராஃப்ட் லிவர் வண்டிப் புத்தகம் சொல்லும் ஓய்வு நிலையில் இருக்க வேண்டும். இதற்கு மேல் பம்ப், வால்வு என்று போனால் மெக்கானிக் வேலை.

## அறிகுறி 8: மண் தூளாகவில்லை, ஒரு பக்கம் மட்டும் ஆழம்

கட்டி கட்டியாக விழுந்தால் பெரும்பாலும் வண்டி வேகமாகப் போகிறது. மணிக்கணக்குக்கு ஓட்டும்போது மெதுவாகவும் ஏக்கர் கணக்குக்கு ஓட்டும்போது வேகமாகவும் போகும் டிரைவர்கள் உண்டு, காரணம் சொல்ல வேண்டியதில்லை. கியரைக் குறைத்து, பி.டி.ஓ. 540-க்குரிய இன்ஜின் வேகத்தை வைத்துக்கொண்டு, பின்பலகையைத் தாழ்த்துங்கள். அப்படியும் கட்டி விழுந்தால் பிளேடைப் புதுசோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு பக்கம் ஆழம் என்றால் பின் டயர் இரண்டின் காற்றை முதலில் அளக்க வேண்டும். சமமாக இருந்தால் இரண்டு கீழ்க்கை உருண்டைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை டேப்பில் அளந்து வலது கைப்பிடியால் சமப்படுத்துங்கள். அதன் பிறகும் சாய்ந்தால் ஆழத்தை அமைக்கும் பக்கச் சறுக்குப் பட்டைகள் இரண்டும் ஒரே ஓட்டையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்னும் பின்னும் சாய்வது டாப் லிங்க் நீளத்தால். வேலை செய்யும் ஆழத்தில் கியர் பாக்ஸ் தரைக்கு மட்டமாக இருக்க வேண்டும்.

## அறிகுறி 9: சீசன் முடிந்து வைத்தது, எடுத்தால் சுற்றவில்லை

சேற்றோடு நிறுத்திய ரோட்டவேட்டர் மாதக்கணக்கில் நின்றால் ரோட்டர் பேரிங் துருவில் ஒட்டிக்கொள்ளும். பி.டி.ஓ. போட்டு இழுத்துப் பார்க்காதீர்கள், போல்ட் உடையும், இல்லை கியர் உடையும். ஓரங்களில் டீசல் விட்டு ஒரு இரவு ஊறவைத்து, நீளக் கம்பியால் முன்னும் பின்னும் நெம்புங்கள். விட்டுக்கொடுத்து, சீராகச் சுற்ற ஆரம்பித்தால் கிரீஸ் அடித்து, குறைந்த வேகத்தில் பத்து நிமிடம் தூக்கி வைத்தே ஓட்டுங்கள். கரகரப்பு தொடர்ந்தால் பேரிங் மாற்ற வேண்டியதுதான்.

ஷியர் போல்டுக்குப் பதில் ஸ்பிரிங் வைத்த ஸ்லிப் கிளட்ச் உள்ள ஷாஃப்டாக இருந்தால் வேறு கவனிப்பும் வேண்டும். சும்மா நின்ற காலத்தில் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், பிறகு கல் மாட்டினால் வழுக்காது. ஸ்பிரிங் நீளத்தை அளந்து எழுதிக்கொண்டு நட்டுகளைத் தளர்த்தி, ஒருமுறை வழுக்கவிட்டு, அதே நீளத்துக்கு இறுக்குங்கள்.

அடுத்த முறை வைக்கும்போது தண்ணீர்ப் பைப்பைச் சீல் பக்கம் பீய்ச்சாமல் கழுவி, சுற்றியதை எல்லாம் அறுத்தெடுத்து, எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடித்து, பிளேடில் பழைய ஆயிலைப் பூசி, பலகை மேல் இறக்கி வையுங்கள். ஷாஃப்டை மட்டும் கழற்றி வீட்டுக்குள் தொங்கவிடுங்கள். பழைய இரும்புக்காரர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.